ரூகர் 10/22-க்குப் பாகம் வாங்குமுன்: பலரும் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடப் பழகுகிறவர்கள் பலரும் முதலில் வாங்குவது .22 ரிம்ஃபயர் ரைஃபிள்தான் (ஏறக்குறைய 0.22 அங்குல விட்டமுள்ள சிறிய குண்டைச் சுடுவது). அதிலும் அதிகம் கண்ணில் படுவது ரூகர் கம்பெனியின் 10/22. 1964-இல் வந்த மாடல். இன்றுவரை அடிப்படை வடிவம் மாறவில்லை. இதற்கு வெளிச்சந்தையில் கிடைக்காத பாகமே இல்லை. பேரல் (குழல்), ட்ரிகர் (விரலால் இழுப்பது), ஸ்டாக் (தோளில் அணைக்கும் கட்டை), போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளும் எஃகுக் கட்டை) என்று எல்லாவற்றையும் வேறு கம்பெனிகளிடம் வாங்கி, ரூகர் பாகம் ஒன்றுகூட இல்லாமல் ஒரு முழுத் துப்பாக்கியையே பூட்டிவிடலாம். புதிதாக வாங்கியவரின் பணம் வீணாவதும் இங்கேதான். முதலில் பேரலையும் ஸ்டாக்கையும் மாற்றிவிட்டு, அப்புறம் ட்ரிகருக்கு வந்து, கடைசியில்தான் தோட்டாவைப் பற்றி யோசிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

தோட்டாவைச் சோதிக்காமலே பேரலை மாற்றுவது

இதுதான் பெரிய தவறு. போட்டிச் சுடுதலுக்கென்று செய்த நல்ல மேட்ச் பேரல் ஒன்றின் விலை சில சமயம் துப்பாக்கியின் விலையையே தொட்டுவிடும். அதை வாங்குமுன், இப்போது இருக்கும் பேரல் எந்தத் தோட்டாவோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். அது எல்லாத் தோட்டாவிலும் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெடிமருந்தும் மிகக் கொஞ்சம். அதில் சிறு ஏற்றத்தாழ்வு வந்தாலும் வேகம் மாறிவிடும். பெரிய ரைஃபிள்காரர்கள் தங்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சீர்செய்துகொள்கிறார்கள். .22-இல் அது நடைமுறையில் இல்லை. தொழிற்சாலை கொடுப்பதுதான் கதி. ஆகவே எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதே துல்லியத்தில் பெரும்பங்கை முடிவுசெய்துவிடுகிறது.

வேகமான தோட்டா என்றால் நல்லது என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. சிசிஐ கம்பெனியின் மினி-மேக் 40 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, வினாடிக்கு 1,235 அடி வேகம். அதே கம்பெனியின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதே 40 கிரெய்ன் குண்டு, 1,070 அடி. ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,125 அடி. முதல் வகை ஒலியை மிஞ்சிக் கிளம்பி, இலக்குக்குப் போகும் வழியில் அந்த வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. இறங்கும் அந்த இடத்தில் குண்டு கொஞ்சம் தள்ளாடும். காற்றின் இழுப்பும் அந்த வேகத்தில் அதிகம் என்பதால், பக்கக்காற்றில் வேகமான குண்டுதான் கூடுதலாக விலகும். இலக்கு அட்டையில் துல்லியம் வேண்டுமென்றால் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி பக்கம் தேடுவதுதான் சரி.

சோதிப்பது கடினமில்லை. நான்கைந்து வகைத் தோட்டா, ஒவ்வொன்றிலும் ஒரு 50 தோட்டாப் பெட்டி. காற்று அடங்கிய காலைப்பொழுது, மேசை, மணல் மூட்டை, 50 கெஜ தூரம். வகை மாறும்போது முதல் பத்துப் பதினைந்து தோட்டாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் குண்டின் மேல் வேறு வேறு மெழுகோ எண்ணெயோ பூசுகிறது. பழைய பூச்சு போய்ப் புதியது பேரலுக்குள் படியும்வரை குண்டுகள் அங்கங்கே சிதறத்தான் செய்யும். அதன்பின் ஐந்தைந்தாக நான்கு குழு சுட்டு, ஒவ்வொன்றிலும் மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, நான்கின் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சராசரி என்பதை அழுத்திச் சொல்கிறேன். மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்த அட்டையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "என் துப்பாக்கி இப்படிச் சுடும்" என்று நம்புவது எளிது. எந்தச் சுமாரான துப்பாக்கியும் எப்போதாவது அப்படிச் சுடும். அந்த ஓர் அட்டையை அளவுகோலாக வைத்தால், புதிதாக மாட்டிய பாகம் உண்மையில் உதவியதா என்று கடைசிவரை தெரியாது. மாற்றாத 10/22, ஒத்துவரும் தோட்டாவோடு, 50 கெஜத்தில் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் சராசரி தந்தால் அது நல்ல துப்பாக்கி. வகை மாறினால் அதே பேரல் இரண்டு மடங்கு சிதறுவதும் சாதாரணம். அந்த வித்தியாசத்துக்கு ஆன செலவு சில பெட்டித் தோட்டா மட்டுமே.

ட்ரிகரைக் கடைசிக்குத் தள்ளுவது, அல்லது வீட்டில் ராவுவது

இந்தத் துப்பாக்கியின் எடை சுமார் 5 பவுண்டு. தொழிற்சாலை ட்ரிகரை இழுக்கவும் ஏறக்குறைய 5, 6 பவுண்டு விசை வேண்டும். துப்பாக்கியின் எடைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ விரல் இழுக்கும்போது முனை அசையாமல் இருக்குமா? பாகம் என்று ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ட்ரிகரைத்தான் சொல்வேன். ரூகரே விற்கும் பிஎக்ஸ் ட்ரிகர் இரண்டரையிலிருந்து 3 பவுண்டுக்குள் விடுபடும். முழுத் தொகுதியாக வரும்; இரண்டு பின்னைத் தள்ளிப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் முடிந்தது.

கழற்றும்போது ஒரு விஷயம். பேரலையும் ஸ்டாக்கையும் சேர்த்துப் பிடிக்கும் பேரல் வளையத்தை எடுத்து, அடியில் உள்ள ஒற்றைத் திருகைக் கழற்றிய பிறகும் ஸ்டாக் விடாமல் பிடித்துக்கொள்ளும். சேஃப்டி பொத்தான் இருபுறமும் சமமாக நிற்கும்படி நடுவில் இருந்தால்தான் மேலே வரும். இது தெரியாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மரத்தைப் பிளந்தவர்கள் உண்டு. மேலே வந்தவுடன் போல்ட்டைத் தடுத்து நிறுத்தும் எஃகுப் பின் தானாக நழுவி விழக்கூடும். கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

காசு மிச்சம் என்று பழைய ட்ரிகரின் கொக்கியை அரம் வைத்து ராவுவதை மட்டும் செய்யவே கூடாது. கோணம் சற்றே பிசகினால் துப்பாக்கி தட்டுப்பட்டாலே வெடிக்கலாம், ஓர் இழுப்பில் இரண்டு குண்டு போகலாம். எந்த ட்ரிகரை மாட்டினாலும், மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) எடுத்துவிட்டு, அறை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தபின், சேஃப்டி போட்டு இழுத்துப் பாருங்கள். போல்ட்டை இழுத்துவிட்டு ஸ்டாக்கின் அடிப்பாகத்தை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். அதன்பின் மைதானத்தில் முதலில் இரண்டே தோட்டாவோடு தொடங்குங்கள்.

பெரிய ரைஃபிளின் ஸ்கோப்பை இதில் மாட்டுவது

வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று மான் வேட்டை ரைஃபிளின் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) எடுத்து மாட்டுவார்கள். அவை பெரும்பாலும் 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ சரிசெய்யப்பட்டவை. 25 கெஜத்தில் அதன் வழியே பார்த்தபடி தலையை இப்படி அப்படி அசைத்தால், குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வது தெரியும். துப்பாக்கி அசையவில்லை, ஆனால் குறி மாறுகிறது. கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியாவிட்டால் அந்தப் பிழை அப்படியே அட்டைக்குப் போய்விடும். ரிம்ஃபயருக்கென்று 50, 60 கெஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்போ, தூரத்தைத் திருகி மாற்றக்கூடியதோ போதும். 2-7 அல்லது 3-9 உருப்பெருக்கம் தாராளம். இன்னொன்று, ரிசீவர் (பேரலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) அலுமினியக் கலவை, திருகுகளோ பொடிசு. பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும்.

ஸ்கோப்பே வேண்டாம் என்பதும் நல்ல முடிவுதான். அமெரிக்காவில் பிராஜெக்ட் ஆப்பிள்சீட் என்ற பயிற்சித் திட்டம் இருக்கிறது. சிறிதாக்கிய இலக்குகளை 25 மீட்டரில் வைத்து, 400 கெஜம் வரையிலான சுடுதலின் அடிப்படையைக் கற்றுத்தருகிறார்கள். அங்கே வருகிறவர்களின் 10/22-இல் பெரும்பாலும் துளைவழிப் பார்க்கும் இரும்புக் குறிகள், தோள்வார், எளிதாக அழுத்தும் மேகசின் விடுவிப்பு என்று சில்லறை மாற்றங்கள்தான் இருக்கும். வாரைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கற்றவர், புதுப் பேரல் வாங்கியவரைத் தாராளமாக முந்துவார்.

தடித்த பேரல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புவது

தோட்டா தேடியாயிற்று, ட்ரிகர் மாற்றியாயிற்று, சராசரி இன்னும் குறைய வேண்டும் என்றால் பேரலுக்குப் போகலாம். ஆனால் அதோடு நிற்காது. 0.920 அங்குலத் தடிப் பேரல் பழைய ஸ்டாக்கின் பள்ளத்தில் உட்காராது; புது ஸ்டாக் வாங்க வேண்டும். பேரல் வளையத்துக்கும் இடமில்லை. 10/22-இன் பேரல் ரிசீவரில் மரையிட்டு ஏறுவதும் இல்லை. உள்ளே செருகி, அடியில் ஒரு கட்டையும் இரண்டு திருகும் இழுத்துப் பிடிக்கின்றன. கனமான பேரலைத் தாங்கலில்லாமல் தொங்கவிட்டால் முனை சற்றே கீழே சாயும். ஸ்கோப்பை மேலே மேலே திருகியும் குறி எட்டவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மேட்ச் பேரல்களின் அறையும் இறுக்கமானது. சிசிஐ ஸ்டிங்கர் போல, கூடு வழக்கத்தைவிட நீளமான தோட்டாவை அதில் போடக்கூடாது.

தூக்கிக்கொண்டு நடந்து அணில் வேட்டைக்குப் போகிறவருக்குத் தடிப் பேரல் வெறும் சுமை.

சில்லறைப் பாகங்கள்

போல்ட்டைத் தடுக்கும் எஃகுப் பின்னுக்குப் பதிலாக பாலியூரிதேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) பின் போட்டால் எஃகில் எஃகு மோதும் 'டக்' சத்தம் அடங்கும். துல்லியம் கூடாது, ஆனால் விலை குறைவு, சுடுவது இதமாகும், வாங்கலாம். வெற்றுக்கூடு சிக்கினால் கூர்மையான எக்ஸ்ட்ராக்டர் (கூட்டைக் கவ்வி வெளியே இழுக்கும் கொக்கி) உதவும், ஆனால் அதற்குமுன் அறையைச் சுத்தம் செய்து பாருங்கள். மெழுகும் கரியும் சேர்ந்துதான் பாதித் தொல்லை. வழக்கமான 10/22-இல் பின்பக்கத்திலிருந்து கம்பி விட வழியில்லை என்பதால், முனையிலிருந்து எஃகுக் கம்பியைக் குத்திக் குத்திச் சுத்தம் செய்கிறார்கள். முனை விளிம்பு தேய்ந்தால் துல்லியம் அங்கேயே போய்விடும். உள்ளிருந்து வெளியே இழுக்கும் கயிறு வகையை வாங்குங்கள். நிறப் போல்ட் கைப்பிடி, முனையில் மாட்டும் அலங்காரங்கள் இவை பார்வைக்கு மட்டும்.

சட்டம் பார்க்காமல் ஆர்டர் போடுவது

ரிம்ஃபயர்தானே என்ற அலட்சியம் இங்கே ஆபத்து. நியூயார்க்கில் 2013 சட்டப்படி, மேகசின் கழற்றக்கூடிய தானியங்கி மறுநிரப்பு ரைஃபிளில் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றுவது; 10/22-உம் அந்த வகைதான்) கட்டைவிரல் துளையுள்ள ஸ்டாக், பிஸ்டல் பிடி, நீட்டிக் குறைக்கும் ஸ்டாக் இவற்றில் ஒன்று இருந்தாலே அது தடை செய்யப்பட்ட வகைக்குள் போய்விடும். .22 என்பதற்காக விலக்கு இல்லை. ரூகரின் பிஎக்ஸ்-25 மேகசின் 25 தோட்டா கொள்ளும். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் வரம்பு 10. பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், முறையாகப் பதியாமல் வைத்திருப்பது நாடு முழுவதும் குற்றம். கடைக்காரர் அனுப்பிவிட்டார் என்பது காரணமாகாது. மாநிலம் மாறிக் குடிபோகிறவர்களும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போட வேண்டாம். எதை எப்போது மாற்றினீர்கள் என்று எழுதிய சீட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். புதிய பாகத்தில் கோளாறு என்றால் திரும்ப மாட்டிப் பார்க்க அது வேண்டும். துப்பாக்கியை விற்கும்போதும், மேம்பாடுகளுக்குப் போட்ட பணம் அப்படியே திரும்பி வராது. மூலப்பாகங்களை மாட்டித் துப்பாக்கியை ஒரு விலைக்கும், கூடுதல் பாகங்களைத் தனித்தனியாகவும் விற்றால் கைக்கு வருவது கூடும்.