முருங்கைக்கீரை உப்பை முறிக்காது

“தினமும் கீரை சாப்பிடுகிறோமே, உப்பு கொஞ்சம் கூடினால் என்ன?” வேலூர், ஆற்காடு பக்கம் ரத்தக் கொதிப்புக்காரர்கள் வீட்டில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் பொட்டாசியமும் உண்டு. சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றப் பொட்டாசியம் துணை செய்யும். துணைதான் செய்யும், தட்டில் குவிந்த உப்பை அதனால் துடைத்துவிட முடியாது.

காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை, தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். மதியம் கூழுக்கு மோர் மிளகாயும் கருவாடும். மாலையில் மிக்சர். அடை மாவில் போட்ட உப்பை மட்டும் கணக்கில் வைத்து “நாங்கள் உப்பு குறைவாகத்தான் சேர்க்கிறோம்” என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எல்லாம் சேர்த்தே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். வெயில் ஊர், வியர்வையில் உப்பு போகிறது என்ற சமாதானம் வயலில் வேலை செய்பவருக்கு ஓரளவு பொருந்தலாம். மின்விசிறிக்கடியில் கணக்கு எழுதுபவருக்கு எப்படிப் பொருந்தும்?

ரத்தம் ஊறும் என்று கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இன்னொரு தவறு. கீரையின் இரும்பு எளிதில் உடலில் சேராது. டீ அதையும் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். பொரியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்.

எலிகளுக்கு உப்பு மிகுந்த தீவனம் கொடுத்து, இலைச்சாறு புகட்டி, ரத்த அணுக்களை எண்ணிய ஆய்வுகளைக் காட்டிப் பொடி விற்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே புகட்டுவது உடல் எடைக்கேற்ப அளந்த சாறு. அந்தப் பலனை நம் வாணலிப் பொரியலுக்கு ஏற்றிச் சொல்வது வியாபாரம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர்கள் சிறுநீரகம் பழுதானவர்கள். அவர்கள் ரத்தத்தில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். எனலாப்ரில், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. கடையில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். கீரை, இந்த மாத்திரை, இந்த உப்பு மூன்றும் அப்படிப்பட்ட ஒருவர் வயிற்றில் சேர்ந்தால் வைத்தியமே வினையாகும். கீரைச்சாறோ பொடியோ தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீரையை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சித்திரை வெயிலில் நீர் வற்றிய உடம்போடு பரிசோதனைக்குப் போனால், ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமோகுளோபின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதைப் பார்த்துக் கீரை வேலை செய்துவிட்டது என்று குதூகலிக்க வேண்டாம். 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. மூலத்தில் ரத்தம் போவதா, கொக்கிப்புழுவா, பி12 குறைவா என்று காரணம் தேடுவது முதல் வேலை.