காசில்லாமல் ஒரு காற்றாடி

லீவு நாளில் பிள்ளைகள் போனை விட்டு அசையவில்லையா? தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கரையோரத்தில் காற்றுக்கும் பனை ஓலைக்கும் பஞ்சமே இல்லை. ஓலைக் காற்றாடி செய்து கொடுங்கள்.

ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்தில் இரண்டு ஓலைத் துண்டுகள் போதும். காய்ந்த ஓலை என்றால் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கூட்டல் குறி போல வைத்து, நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாக லேசாகத் திருகுங்கள். நடுவில் சீமைக்கருவேல முள்ளைக் குத்தி, சோளத்தட்டையில் செருகினால் சரி. ஓட்டை கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இறுகினால் சுற்றாது. முள் வேலை மட்டும் பெரியவர்கள் கையில்! முள்முனை வெளியே நீட்டினால் ஒடித்துவிடுங்கள்.

வெயில் ஏறியதும் பல்லாங்குழி. முற்றத்து மணலில் இரண்டு வரிசையாக 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டை. சின்னப் பிள்ளைக்கு எண்ணிக்கை தானாக வரும். அப்பத்தாவை எதிரே உட்கார வையுங்கள், ஆட்டம் சூடுபிடிக்கும்.

அப்புறம் ஒன்று: விளையாடக் காய் வேண்டுமென்று கடற்கரையில் பவளத் துண்டுகளைப் பொறுக்க விடாதீர்கள். பவளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது.