வெளிப்புற எஸ்எஸ்டி ஏன் மெதுவாக இயங்குகிறது? படிப்படியாகக் கண்டறியும் முறை

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டுகள் இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம். கணினிக்குள் பொருத்தப்பட்ட எஸ்எஸ்டியிலும், கேபிள் மூலம் இணைக்கப்படும் எஸ்எஸ்டியிலும் தரவைத் தாங்கும் ஃபிளாஷ் சில்லுகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவையே. வேகம் மாறுவதற்கு முதன்மையான காரணம், அச்சில்லுகளிலிருந்து செயலி வரை தரவு கடந்து வரும் வழியாகும். அந்த வழியில் மிக மெதுவான பகுதி எதுவோ, அதுவே மொத்த வேகத்தையும் கட்டுப்படுத்துகிறது.

படி 1: அலகைக் கவனியுங்கள். போர்ட்டின் வேகம் ஜிகாபிட்டிலும், கோப்பை நகலெடுக்கும்போது திரையில் தெரியும் வேகம் மெகாபைட்டிலும் குறிக்கப்படுகின்றன. 8 பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், நொடிக்கு 10 ஜிகாபிட் என்று குறிப்பிடப்பட்ட யூஎஸ்பி இணைப்பு நடைமுறையில் ஏறத்தாழ 1,000 மெகாபைட்டையே தரும்.

படி 2: உள்ளே இருப்பது எவ்வகை என்று பாருங்கள். பழைய இணைப்பு முறையான சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட்டில் நின்றுவிடும். கணினிக்குள் தரவைக் கடத்தும் அதிவேக இணைப்பான பிசிஐஇ 4.0-இன் நான்கு தடங்கள் வழியே செயலியோடு பேசும் புதிய என்விஎம்இ வகையோ 7,000 மெகாபைட் வரை எட்டக்கூடியது. ஆகவே, உள்ளே என்விஎம்இ கொண்டு 10 ஜிகாபிட் யூஎஸ்பியில் இணைக்கப்பட்ட நல்ல வெளிப்புற எஸ்எஸ்டி ஒன்று பழைய சாட்டா எஸ்எஸ்டியை முந்துவதும் இயல்பே.

படி 3: கேபிளையும் போர்ட்டையும் சோதியுங்கள். என் கருத்தில், புதியவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளைத்தான். கைபேசியுடன் வரும் டைப்-சி சார்ஜிங் கேபிள்களில் பல, யூஎஸ்பி 2.0 அளவுக்கே தரவைக் கடத்துகின்றன. அத்தகைய கேபிளில் எவ்வளவு விலையுயர்ந்த எஸ்எஸ்டியும் 40 மெகாபைட்டைச் சுற்றியே இயங்கும். முனையின் வடிவத்தை வைத்து வேகத்தை முடிவு செய்ய இயலாது என்பதால், எஸ்எஸ்டியுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

படி 4: இடைச்சில்லின் நெறிமுறையை, அதாவது அது கட்டளைகளைப் பரிமாறும் விதிமுறையைப் பாருங்கள். வெளிப்புறப் பெட்டிகள் பலவற்றில், சாட்டா அல்லது என்விஎம்இ கட்டளைகளை யூஎஸ்பிக்கு ஏற்ப மாற்றித் தரும் சில்லு ஒன்று இருக்கிறது. பழைய நெறிமுறையில் அது ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்ததை ஏற்கும். யூஏஎஸ்பி (சுருக்கமாக யூஏஎஸ்) என்ற புதிய நெறிமுறையிலோ பல கட்டளைகளை வரிசையில் வைத்துக்கொள்ளும். சிறுசிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது இந்த வேறுபாடு நன்றாகவே புலப்படும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியில் யூஏஎஸ் என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள்.

படி 5: பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, வேகத்தை இறுதிவரை கவனியுங்கள். தொடக்கத்தில் விரைந்து எழுதிப் பாதியில் தளர்ந்தால், எஸ்எஸ்டியின் தற்காலிகச் சேமிப்புப் பகுதி நிரம்பியிருக்கலாம், அல்லது காற்றோட்டமற்ற சிறிய பெட்டி சூடேறியதால் எஸ்எஸ்டி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கலாம். பெட்டி ஆறிய பின், அதன் மீது விசிறிக் காற்று படும்படி வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்து, அப்போதும் வேகம் அதே இடத்தில் விழுந்தால், காரணம் வெப்பமாக இருக்க வாய்ப்பு குறைவு.