செயலியை அழித்தால் சந்தா நிற்காது

தைப்பூசக் காவடிப் படங்களை அழகாக்க அம்மா ஒரு செயலியை இறக்கினார். 7 நாள் இலவசம் என்றிருந்தது. இரண்டு நாளில் அலுத்துப்போய் அதைக் கைபேசியிலிருந்து அழித்தும்விட்டார். ஆனால் நான்கு மாதங்களாக அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே கதை. கேட்கவே வயிறு எரிகிறது.

செயலியை அழிப்பது வேறு, சந்தாவை நிறுத்துவது வேறு. ஆண்ட்ராய்டு கைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதல் பகுதிக்குள் சந்தாக்கள் பட்டியலைப் பாருங்கள். ஐபோனில் அமைப்புகளுக்குள் உங்கள் பெயரைத் தொட்டு, சந்தாக்கள் என்பதைத் திறந்தால் அதே மாதிரிப் பட்டியல் வரும். வேண்டாததை அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். இலவசக் காலம் முடியும் நாள் வரை காத்திருக்காதீர்கள். குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, முடிந்தால் சேர்ந்த அன்றே நிறுத்திவிடுங்கள்.

விலையைப் படிக்கும்போது வாரமா, மாதமா என்று பாருங்கள். வாரம் 60 ராண்ட் என்றால் சின்னத் தொகையாகத்தான் தெரியும். 52 வாரத்துக்கு அது 3,120 ராண்ட்! டாலரில் விலை போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை. ராண்டின் மதிப்பு சரிந்தால் நம் செலவு கூடும். வங்கி தனியாக அந்நியச் செலாவணிக் கட்டணமும் பிடிக்கலாம்.

அம்மாவின் கைபேசியில் அந்தப் பட்டியலைத் திறந்தபோது, அவருக்கே தெரியாத இன்னொரு சந்தாவும் இருந்தது. இன்று மாலை உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.