மொறிஸ் மைனரின் தண்ணீர்க் குழாய்கள்: எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றும் முறை

இரண்டு வருடத்துக்கு முன், ஓர் ஆவணி மத்தியானம். கிளிநொச்சியில் இருந்து வவுனியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். முறிகண்டியில் எல்லோரையும் போல இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, பொனற்றையும் ஒருக்கால் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுக்குக்கூட இல்லை. கனகராயன்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை ஆவி. றேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீற்றர் ஹோஸ் என்று எல்லாம் புதிதாகப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வெடித்தது, கை எட்டாத இடத்தில் இருக்கிறதே என்று விட்டுவைத்த இரண்டு அங்குலத் துண்டு.

உதவிக்கு நின்ற லொறிக்கார ஐயா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, உந்தச் சின்னக் குழாயை மாத்தேல்லையோ?”

அதற்குப் பெயர் பைபாஸ் ஹோஸ்; தண்ணீர்ப் பம்பை எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டோடு இணைப்பது. இந்தப் பதிவில் பெரும்பகுதி அதற்குத்தான்.

என்னுடையது 1959 மொறிஸ் மைனர் 1000, 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சின். அப்பாவின் கார். 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனருக்கும் வேலை இதேதான். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் வேறு. ஆனாலும் ஹோஸ், கிளிப், தண்ணீர் பற்றிச் சொல்பவை அவர்களுக்கும் பொருந்தும்.

வன்னி வெயிலில் ஹீற்றர் எதற்கு?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இங்கே பல கார்களில் ஹீற்றரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று பொருத்தி விட்டிருப்பார்கள். அது பிழை. ஹெட்டின் பின்பக்கம் இருந்து வரும் கொதிதண்ணீர், றேடியேட்டர் பக்கமே போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்புகிறது. ஆறாத தண்ணீரே எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வரும். ஹீற்றர் வேண்டாம் என்றால், ஹெட்டில் உள்ள ஹீற்றர் வால்வை மூடுங்கள். அல்லது அந்த இடத்தில் ஒரு தகடு வெட்டிப் போட்டு அடையுங்கள்.

நான் ஹீற்றரை வைத்திருக்கிறேன். மார்கழி மழையில் முன்கண்ணாடி புகார் பிடித்தால் அதுதான் துடைக்கிறது. அப்புறம், நடுவழியில் சூடு ஏறினால் ஹீற்றரை முழுக்கத் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்து ஒழுகும். ஆனால் எஞ்சினுக்கு ஒரு குட்டி றேடியேட்டர் கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த நிழல் மரம் வரை போக அது போதும்.

முதலில் வாங்க வேண்டியவை

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், உள்வாய் அரை அங்குல ஹீற்றர் ஹோஸ் இரண்டு மீற்றர், தேர்மோஸ்ராற் (எஞ்சின் சூடாகும்வரை றேடியேட்டருக்குத் தண்ணீரை விடாத வால்வு), அதன் பேப்பர் கஸ்கற், புதுக் கிளிப்புகள். ஹீற்றர் உள்ள காரென்றால், கீழ் ஹோஸில் பக்கவாட்டாக ஒரு சின்ன வாய் இருக்கும். கடையில் அதைச் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் வாய் இல்லாததைத்தான் தருவார்கள்.

ஹீற்றர் ஹோஸுக்குப் பதிலாகப் பெற்றோல் ஹோஸ், காஸ் அடுப்பு ஹோஸ், தோட்டத்துக் குழாய் எதுவும் வேண்டாம். மூன்றையும் இங்கே கார்களில் கண்டிருக்கிறேன். கொதிதண்ணீர் ஓடுவதற்கென்று நடுவில் நூல் பின்னல் வைத்துச் செய்த றப்பர்தான் தாங்கும்.

கிளிப்பில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பட்டியில் ஓட்டை ஓட்டையாக வெட்டியிருக்கும் மலிவுக் கிளிப், இறுக்க இறுக்க றப்பரை அந்த ஓட்டைகளுக்குள் இழுத்து அறுக்கும். பட்டியின் உட்புறம் வழுவழுப்பாகவும் ஓரம் மடிந்தும் இருக்கும் துருப்பிடிக்காத கிளிப் விலை கூட. ஆனாலும் அதைத்தான் வாங்குங்கள்.

ஸ்பனர்கள் அங்குல அளவில் வேண்டும். பெரும்பாலும் 7/16, 1/2 இரண்டும் போதும். 7/16க்கு 11 மில்லிமீற்றர் ஸ்பனர் ஏறக்குறைய சரியாக இருக்கும். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீற்றர், 13 போட்டால் பிடிப்பது போலிருந்து, துருப்பிடித்த நட்டின் மூலையை உருட்டிவிடும். தேர்மோஸ்ராற் மூடியில் அது நடந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

தண்ணீரை இறக்குதல்

எஞ்சின் நன்றாக ஆறியபின் றேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழே உள்ள குழாயைத் திறவுங்கள். எஞ்சின் பிளாக்கின் பின்பக்கம் தாழ இன்னொரு திறப்பு இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. அதைத் திறந்து தண்ணீர் வராவிட்டால் பிளாக் காலி என்று நினைக்க வேண்டாம். ஒரு கம்பியை விட்டுக் குத்துங்கள். என் காரில் முதலில் வந்தது, சுண்ணாம்பைக் கரைத்து வைத்தது போல ஒரு மண்ணிறக் கூழ். அரைப் பேணி வந்தது. அதற்குப் பின்தான் தண்ணீர் பாய்ந்தது.

பழைய கூலன்ற் (தண்ணீரோடு கலக்கும் குளிர்திரவம்) இருந்தால் பேசினில் பிடியுங்கள். முற்றத்தில் ஊற்ற வேண்டாம். அது இனிக்கும், நாயும் கோழியும் தேடிக் குடிக்கும், ஆனால் நஞ்சு.

பழைய ஹோஸ்களைக் கழற்றுதல்

இழுக்காதீர்கள். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை நீளவாட்டில் பிளேட்டால் கீறி, வாழைப்பழத் தோலை உரிப்பது போல உரித்து எடுங்கள். ஹீற்றரின் இரண்டு வாயும் மெல்லிய பித்தளை, ஈயப் பற்றில் நிற்பவை. ஒரு முறை முறுக்கி இழுத்தால் ஹீற்றரே போய்விடும்.

அந்த இரும்புக் குழாய்

ஹீற்றரில் இருந்து தண்ணீர் திரும்பும் வழியில், எஞ்சின் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் ஓடுகிறது. ஹோஸுக்குள் மறைந்திருக்கும் அதன் முனைதான் முதலில் உக்கும். ஹோஸை உரித்ததும் ஸ்குறூ றைவர் நுனியால் தட்டிப் பாருங்கள். என்னுடையதில் நுனி உள்ளே போய்விட்டது.

புதுக் குழாய் தேடிக் கொழும்புக்கு ஆள் விட வேண்டாம். ஏசி திருத்தும் கடையில், வெளிவிட்டம் அரை அங்குலச் செப்புக் குழாய் சுருளாக இருக்கும். ஒரு மீற்றர் வெட்டித் தரச் சொல்லுங்கள். பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து அதே மாதிரி வளையுங்கள். வளைக்கும்போது நசியாமல் இருக்க, காய்ந்த மெல்லிய மணலை உள்ளே இறுக நிரப்பி இரண்டு முனையையும் அடைத்துக்கொள்ளுங்கள். செம்பு இறுகினால், மங்கின சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டால் திரும்பவும் இளகும். வளைத்து முடித்ததும் மணல் ஒரு பொட்டும் மிஞ்சாமல் தட்டிக் கழுவுங்கள்.

அப்புறம், இரண்டு முனையிலும் ஒரு சின்ன விளிம்பு எழுப்பித் தரும்படி அதே கடையில் கேளுங்கள். அவர்களிடம் அதற்கான கருவி இருக்கிறது. வெறும் வழுக்கலான செப்பு முனையில் ஹோஸ் நிற்காது. சூடு ஏறி அழுத்தம் வந்ததும் கிளிப்போடு சேர்ந்து நழுவும்.

பைபாஸ் ஹோஸ்

இது தண்ணீர்ப் பம்பின் மேல்வாயையும் ஹெட்டின் கீழ்வாயையும் இணைக்கிறது. தேர்மோஸ்ராற் மூடியிருக்கும் நேரத்தில் எஞ்சினுக்குள் தண்ணீர் சுற்றுவது இதன் வழியாகத்தான். இரண்டு வாய்க்கும் நடுவே உள்ள இடைவெளி, ஹோஸின் நீளத்தைவிடக் குறைவு. அதனால் நேரான ஹோஸை வெளியில் இருந்து நுழைக்கவே முடியாது.

வழி இரண்டு. பம்பைக் கழற்றுவது ஒன்று. மடிப்பு மடிப்பாக, அமுக்கினால் குறுகும் ஹோஸைப் போடுவது மற்றது.

முதலில் நான் மடிப்பு ஹோஸைத்தான் போட்டேன். செய்முறை இது: றேடியேட்டரை வெளியே எடுங்கள். விசிறியையும் அதன் கப்பியையும் கழற்றுங்கள்; நான்கு போல்ட்தான். பழைய துண்டை வெட்டி எடுங்கள். எமரித் தாளைப் பட்டியாகக் கிழித்து இரண்டு வாயையும் சுற்றிப் போட்டு, சப்பாத்துப் பொலிஷ் போடுவது போல மாறி மாறி இழுத்து வெள்ளையாக்குங்கள். ஹெட்டின் வாய் துருவில் குழி விழுந்திருந்தால் புது ஹோஸும் அங்கே ஒழுகும்.

புது ஹோஸை ஐந்து நிமிடம் கொதிதண்ணீரில் போட்டு எடுத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். கிறீஸ், எண்ணெய் கூடாது. அந்த றப்பர் ஊதிவிடும். இரண்டு கிளிப்பையும் முன்னமே ஹோஸில் தளர்வாகப் போட்டுவிடுங்கள். திருகாணித் தலை இரண்டும் பக்கவாட்டாக, நீள ஸ்குறூ றைவர் எட்டும் திசையில் இருக்க வேண்டும். மேலே ஹெட்டின் வாயில் முதலில் ஏற்றி, விரலால் அமுக்கிப் பிடித்துக் கீழே பம்பின் வாயில் இறக்குங்கள்.

நான் ஏமாந்தது இங்கேதான். பம்பின் வாயில் இறக்கும்போது ஹோஸின் உதடு பின்பக்கம் உள்ளே மடிந்துவிட்டது. முன்னால் இருந்து பார்த்தால் அழகாக உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன், ஒழுகவில்லை. சூடானதும் பின்பக்கத்தால் மெல்லச் சீறியது. எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. ஆகவே கிளிப்பை இறுக்க முதல், சுண்டுவிரலைப் பின்பக்கம் விட்டுச் சுற்றி ஒரு தடவை தடவுங்கள். விரல் போகாவிட்டால் போன் கமராவை விட்டுப் படம் எடுங்கள். கிளிப் சமமான உதட்டின் மேல் உட்கார வேண்டும். முதல் மடிப்பின் மேல் ஏறியிருந்தால் நாலு நாளில் அறுந்துவிடும்.

இப்போது என் காரில் இருப்பது நேர் ஹோஸ். பம்பில் ஆட்டம் வந்து அதை மாற்றியபோது, ஹோஸைப் பம்பில் முதலே ஏற்றி, இரண்டையும் சேர்த்தே பொருத்தினேன். அதன் றப்பர் தடிப்பு. உங்கள் விசிறியைப் பிடித்து முன்பின்னாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது ஆடினால் மடிப்பு ஹோஸோடு மினக்கெடாமல் பம்பையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கழுவுதல், தண்ணீர், தேர்மோஸ்ராற்

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் ஒரு கிழமை கொதிக்க வைத்தால் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும். றேடியேட்டருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. றேடியேட்டரைத் தலைகீழாக வைத்து, கீழ்வாயால் தண்ணீர் விட்டு மேல்வாயால் வர விடுங்கள். படை இருந்தால் வினாகிரியும் தண்ணீரும் சமனாகக் கலந்து ஓர் இரவு ஊற விடலாம். மலசலகூடம் கழுவும் அசிட் வேண்டவே வேண்டாம். ஹீற்றருக்குள் தண்ணீரை மெதுவாக விடுங்கள்; மோட்டார் அழுத்தத்தை அது தாங்காது.

நிரப்புவதற்குக் கார்த்திகை மழையில் பீலியால் விழும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன். முதல் இரண்டு மழையையும் ஓட விட்டுப் பிறகு பிடிக்க வேண்டும். இல்லாதவர்கள் பற்றரித் தண்ணீர் வாங்கலாம். மூன்றில் ஒரு பங்கு கூலன்ற். இங்கே தண்ணீர் உறையாதுதான். ஆனால் அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். பித்தளை றேடியேட்டருக்கு, பழைய வாகனங்களுக்கென்று விற்கும் நீலம் அல்லது பச்சைதான் என் தெரிவு. நிறத்தை மட்டும் நம்பாமல் லேபிளையும் வாசியுங்கள்.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக்மார் நிறையப் பேர். கேட்காதீர்கள். போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, அப்பா இந்தக் காரை ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார். எஞ்சின் குளிர்ந்தால் மண்ணெண்ணெய் எரியாமல் ஒயிலில் இறங்கும் என்று றேடியேட்டருக்கு முன்னால் ஒரு மட்டையும் கட்டி வைத்திருந்தார். பெற்றோலுக்கும் எஞ்சின் அளவான சூட்டில் இருந்தால்தான் நல்லது. எங்கள் வெயிலுக்கு 74 பாகைத் தேர்மோஸ்ராற் கிடைத்தால் போடுங்கள், 82ம் பரவாயில்லை.

நிரப்பிக் காற்றை வெளியேற்றுதல்

காரின் முன்பக்கம் உயரமாக நிற்க வேண்டும். நான் வாசல் மேட்டில் முன்சில்லை ஏற்றி நிறுத்துவேன். ஹீற்றர் வால்வை முழுக்கத் திறந்து, கிட்டத்தட்ட ஐந்து லீற்றரை மெதுவாக ஊற்றுங்கள். இடையிடையே ஹோஸ்களைக் கையால் பிசையுங்கள். குமிழி வந்துகொண்டே இருக்கும். மூடி போடாமல் எஞ்சினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தேர்மோஸ்ராற் திறந்துவிட்டது. ஹீற்றரின் இரண்டு ஹோஸும் சூடாக வேண்டும். ஒன்று சூடும் ஒன்று குளிருமாக இருந்தால் காற்று அடைத்திருக்கிறது, இன்னும் பிசையுங்கள்.

விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். ஓர் அங்குலம் குறைவாக விடுங்கள். இந்தக் காரில் மிச்சத் தண்ணீரைப் பிடிக்கப் போத்தல் கிடையாது. கூடினதை அது றோட்டில் ஊற்றிவிடும்.

பிறகு சேர்த்தவை

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: புதுப் பம்பில் பைபாஸ் வாயே இல்லையாம். அது பிந்திய மினிக் காருக்கு வந்த பம்ப். திருப்பிக் கொடுத்து வாய் உள்ளதை வாங்குங்கள். பழைய பம்பையும் கடைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து உயரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முல்லைத்தீவில் கடற்கரையோடு இருக்கும் அண்ணை ஒருவருக்கு, சாதாரணக் கிளிப்புகள் எல்லாம் துருவேறித் திருகாணி இறுகிப்போனதாம். மேலே சொன்ன துருப்பிடிக்காத கிளிப்பைத்தான் அவருக்கும் சொன்னேன். வாங்கும்போது காந்தம் கொண்டுபோங்கள். சிலவற்றில் பட்டி மட்டும் நல்லது, திருகாணி சாதாரண இரும்பு. அது காந்தத்தில் இறுக ஒட்டும்.

முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முழுக்க ஆறியபின் எல்லாக் கிளிப்பையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். புது றப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஒவ்வொன்றும் அரைச் சுற்றாவது போகும். பைபாஸில் தொடங்குங்கள்.