நேர்ச்சையை வீட்டில் வைப்பதா, வீதிக்குக் கொண்டுவருவதா?

குமரி மாவட்டத்தில் நேர்ச்சை, அதாவது வேண்டுதல், நேராத வீட்டைக் காண்பது அரிது. மண்டைக்காட்டு அம்மனுக்கு தலை வடிவில் செய்த மண்டையப்பம் படைப்பவரும், கோட்டாறு சவேரியார் ஆலயத் தேரின் பின்னால் தரையில் உருண்டு வருபவரும், தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் துஆ என்னும் இறைவேண்டல் செய்பவரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். அந்த நேர்ச்சையை எவ்வளவு தூரம் ஊரறியச் செய்வது என்று முடிவு செய்ய இந்தக் குறிப்புகள் உதவும்.

முதலில், இயல்பிலேயே ஊரோடு சேர்ந்து செய்ய வேண்டியவற்றைத் தனியே பிரித்துக்கொள்ளுங்கள். சுசீந்திரத்தில் மார்கழித் தேரின் வடத்தை ஒருவர் தனியாக இழுக்க முடியாது. திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டத்தில், 12 சிவன் கோயில்களுக்காக 100 கிலோமீட்டருக்கும் மேல் நடப்பவர்களை, வழியில் கஞ்சியும் பானகமும் தரும் ஊர்களே தாங்குகின்றன. இவற்றில் கூச்சத்துக்கு இடமில்லை. முன்வரிசைக்கு முண்டியடிக்காமல் கலந்துகொண்டால் போதும். நோன்பு, மது நிறுத்தம், ஓர் ஏழைப் பிள்ளையின் கல்விக் கட்டணம், பிரிந்த உடன்பிறந்தாரோடு மீண்டும் பேசுவது போன்ற நேர்ச்சைகளை வெளியே சொல்லவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சொன்னவுடன் கிடைக்கும் பாராட்டிலேயே மனம் நிறைவடைந்துவிட, நேர்ச்சையின் கடினமான பகுதி அப்படியே நின்றுவிடுகிறது.

காணிக்கை செலுத்தும்போது, ரசீதில் பெயர் எழுதுவது கணக்குக்கு அவசியமானால் எழுதிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டாம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாவிட்டாலும் இதே தொகையைக் கொடுத்திருப்பேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்று தோன்றினால், மனம் ஒப்பும் சிறு தொகையை உண்டியலில் இடுவதே நேர்மை. நாயன்மார்களில் ஒருவரான திருநின்றவூர்ப் பூசலார் கையில் பொருளின்றி மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பியபோது, காஞ்சியில் மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு இறைவன் அவரிடம் சென்றதாகத்தான் நம் மரபு பேசுகிறது.

ஆனால் வெளியே தெரியும் பக்தி எல்லாவற்றையும் வீண் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது, குறிப்பாக இந்த மாவட்டத்தில், பெரும் பிழையாகும். அய்யாவழி மக்களின் வழிபாட்டுத் தலமான சுவாமித்தோப்புப் பதியில் ஆண்கள் தலைப்பாகை கட்டி நின்று வழிபடுவதை வெறும் உடை வழக்கமாகப் பார்க்கக்கூடாது. ஒடுக்கப்பட்ட மக்கள் தலைப்பாகை கட்டவும் தோளில் துண்டு போடவும் தடுக்கப்பட்டிருந்த திருவிதாங்கூரில், அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் அவர்களுக்குக் கொடுத்த மதிப்பு அது. அதே பதியின் பள்ளியறையில் உருவச்சிலைக்கு மாறாக நிலைக்கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு சென்றவர் அங்கே தம்மையே காண்கிறார். சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடப்பதற்கே 1926-இல் சத்தியாகிரகம் தேவைப்பட்டது; கோயிலுக்குள் செல்லும் உரிமை 1936-ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால்தான் வந்தது. ஆகவே நெற்றியில் நாமம், கழுத்தில் சிலுவை, தலையில் தொப்பி என எதையும் பிறருடைய பார்வைக்கு அஞ்சி அகற்ற வேண்டியதில்லை. அதே அடையாளத்தை அலுவலகத்தில் சலுகை பெறவும் அடுத்தவரை அளக்கவும் பயன்படுத்தாதிருங்கள்.

விழாக் குழுவில் இருப்பவர்கள் ஒலி விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1982-இல் மண்டைக்காட்டில் மாசிக் கொடை விழாக் காலத்தில் மூண்ட சமயக் கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இங்கே இருப்பதால், மற்றொரு சமயத்தவரின் ஆலயத்தைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்துவது நமக்குத் தாழ்வாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மட்டும், அரசு விலக்கு அளிக்கலாம். பகல் நேரத்திலும் காவல்துறையின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். குழாய் ஒலிபெருக்கியை வீடுகளின் பக்கம் திருப்பாமல் பந்தலுக்குள் சிறு பெட்டிகளை வையுங்கள்.

அடுத்தது கைப்பேசி. கும்பிடு நமஸ்காரம் செய்யும் பெண் ஈரச் சேலையோடு தரையில் விழுந்து, நீட்டிய கை தொட்ட இடத்தில் எழுந்து நின்று, மீண்டும் விழுகிறார். நெற்றியிலும் முழங்கையிலும் மணல் அப்பியிருக்கிறது. உடன் வரும் உறவினரின் வேலை முன்னே தண்ணீர் தெளிப்பதும், கல்லும் கண்ணாடித் துண்டும் கிடந்தால் பொறுக்குவதும், கூட்டத்தின் கால்கள் அவர்மீது படாமல் காப்பதும்தான். அந்தக் கையில் கைப்பேசி இருந்தால் இவற்றில் ஒன்றும் நடக்காது. படம் தேவை என்றால், எழுந்து, உடைமாற்றி, அவரே சம்மதித்த பிறகு எடுங்கள்.

குழந்தைகளின் பெயரில் அவர்களின் உடலை வருத்தும் நேர்ச்சை நேராதீர்கள். அவர்களுக்காகச் செய்வதைப் பெற்றோர் தம் உடலால் செய்யட்டும். நேர்ந்தபடி நடக்கவோ உருளவோ முதுமையோ நோயோ இடம் கொடுக்காதபோது, பூசாரியிடமோ பங்குத்தந்தையிடமோ தனியே சொல்லி, மாற்றாக என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அன்னதானத்துக்கு அரிசி கொடுப்பது, விழா முடிந்த மறுநாள் காலையில் ஆலய முற்றத்தைப் பெருக்குவது போன்ற எளிய வழிகளை அவர்கள் பெரும்பாலும் மனமுவந்து ஏற்பார்கள்.