வாடகை வீட்டுக்குக் கண்காணிப்பு ஆணையம் கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில், பெரும்பாக்கத்தில் லிஃப்ட் நின்றாலும் சரி, புளியந்தோப்பில் சுவர் உதிர்ந்தாலும் சரி, உடனே "வாரியத்தைத் தட்டிக்கேட்கத் தனி ஆணையம் வேண்டும்" என்று எழுதிவிடுகிறோம். வேண்டியதுதான். ஆனால் அதற்கு என்னென்ன அதிகாரம் என்று பக்கம் பக்கமாகப் பேசுபவர்கள், சம்பளம் எங்கிருந்து வரும், ஆள் யார் என்று கேட்பதே இல்லை.

"அபராதம் போடட்டும், அதிலேயே நடத்திக்கொள்ளட்டும்" என்பது அடிக்கடி காதில் விழும் யோசனை. தயவுசெய்து வேண்டாம். எல்லாரும் ஒழுங்காக நடந்தால் சம்பளம் நின்றுபோகும் அலுவலகம், சுலபமாக மாட்டுகிற சின்னத் தவறுகளைத் தேடித்தான் போகும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக்கான ரெரா சட்டத்தைப் பாருங்கள்: ஆணையத்தின் நிதிக்கு அரசு மானியமும் கட்டணங்களும் போகும், அபராதத் தொகையோ மாநில அரசு குறிப்பிடும் வேறு கணக்குக்குப் போய்விடும். அதோடு, இங்கே வீட்டுக்காரரே அரசு வாரியம் என்பதால், அபராதம் கட்டும் பணம் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்க வைத்திருந்த பணமாகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் சமூக வீட்டுவசதிக்கான ஒழுங்குமுறை அமைப்பு, வீடுகளை நடத்தும் நிறுவனங்களிடமே கட்டணம் வாங்குகிறது. 2018 வரை அது வீடு கட்டப் பணம் கொடுக்கும் அரசு நிறுவனத்தின் உள்ளேயே இருந்தது, அப்புறம்தான் பிரித்தார்கள். அந்தக் கட்டண முறையை இங்கே கொண்டுவந்தால், அது பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து குடியிருப்பவர் தலையிலேயே விழாதபடி முதலிலேயே விதி எழுதிவிட வேண்டும்.

ஆள் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. நம்மிடம் 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை அதிகாரியாக இருப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருவாய்த் துறையில் அந்த நிலையில் இருப்பவருக்கு மழை வந்தால் வெள்ள நிவாரணம், தேர்தல் வந்தால் தேர்தல் வேலை, நடுவில் பட்டா மேல்முறையீடு. புதிய ஆணையத்தையும் 'கூடுதல் பொறுப்பு' என்று இவர்களில் ஒருவரிடம் கொடுத்தால், கோப்பு எந்த வரிசையில் காத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைவிட மோசமானது, வாரியத்தின் பொறியாளரையே அயல்பணியில் கொண்டுவந்து உட்கார வைப்பது. இரண்டு மூன்று வருடத்தில் திரும்பிப் போய் அதே மேற்பார்வைப் பொறியாளருக்குக் கீழே வேலை பார்க்கப்போகிறவர், அவர் கையெழுத்திட்ட கட்டடத்தைப் பற்றி என்ன எழுதுவார்? 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு உதிர்ந்தபோது ஐஐடி மெட்ராஸின் கட்டட ஆய்வு மையமான கியூப் அமைப்பிடம் ஆய்வை ஒப்படைத்தது இதனால்தான் அர்த்தமுள்ளதாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வெளியாரைக் கூப்பிடுவதும் நடக்காது. கூரையைத் தட்டிப் பார்த்து, உள்ளே பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு பிடிப்பு விட்டிருக்கிறது என்று கண்டுகொள்கிற ஆள் ஆணையத்தின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஆக, அரசாணை வந்தால் தலைவர் யார் என்று பார்ப்பதற்கு முன், எத்தனை நிரந்தரப் பணியிடம், பட்ஜெட்டில் தனிக் கணக்குத் தலைப்பு இருக்கிறதா, கள ஆய்வுக்கு வண்டி உண்டா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால், சட்டமன்றத்தில் துறைக்கு நிதி ஒதுக்கும் அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்பே உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்துவிடுங்கள்.